குற்றம் நாவிலா, செவியிலா?

“நீ எந்த ஊர்?” என்றது குரல்.

“இளையரசனேந்தல்” என்றாள் அவள்.

விளங்கவில்லை என்றது குரல். மீண்டும் சொன்னாள், சற்று உரக்கச் சொன்னாள். மீண்டும் விளங்கவில்லை. மூன்றாம் முறை ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி, நீட்டி, இழுத்துச் சொன்னாள். திரையில் ஏதேதோ ஆங்கிலச் சொற்கள் வந்து விழுந்தனவே தவிர, ஊர் வரவில்லை. நான்காம் முறை, “சென்னை” என்றாள். “மிக நன்று!” என்று பாராட்டிப் பச்சை விளக்கைக் காட்டி, அடுத்த கேள்விக்குப் போய்விட்டது குரல்.

கதை கட்டுகிறோம் என்று எண்ணாதீர், தோழர்களே! நமது பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புவரை பயின்று, இன்று கோவில்பட்டிக் கல்லூரி ஒன்றில் இளங்கலை முதலாண்டு படிக்கும் பெண், நம்மிடம் வந்து சிரித்துக்கொண்டே சொன்ன செய்தி இது. சிரித்தவள் அவள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்ட குரல் மனிதக் குரலன்று. ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் செயற்கை நுண்ணறிவின் குரல். கைப்பேசிக்குள் குடியிருக்கும் ஆசான். அந்த ஆசானிடம் தேர்ச்சி பெறுவதற்கு அவள் கொடுத்த விலை என்ன? ஒரு மதிப்பெண்ணுக்காக ஓர் ஊர்!

அந்தப் பெண்ணின் வீட்டைச் சற்றுச் சொல்ல வேண்டும். தாய் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர். தந்தை மானாவாரிக் கரிசலில் உளுந்தும் பாசியும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறவர். வீட்டிற்குள் பேசுவது தெலுங்கு. தெருவில் பேசுவது கரிசல் தமிழ். பாட நூலில் இருப்பது செந்தமிழ். கல்லூரியில் எதிர்ப்படுவது ஆங்கிலம். நான்கு மொழி வழக்குகளை நாள்தோறும் தாண்டிச் செல்கிறாள் அந்தச் சிறுபெண். எனினும், “பேசத் தெரியாதவள்” என்று பெயர். நகரத்திலே ஒரே மொழியில் பிறந்து, ஒரே மொழியில் வளர்ந்து, அதிலேயே வேலையும் தேடிக்கொண்டவன் ‘மொழித்திறன் மிக்கவன்’. விந்தையான கணக்கு!

கல்லூரி அவளுக்கு ஆங்கிலப் பேச்சைக் கற்பிக்கவில்லையா என்று கேட்பீர்கள. பகுதி இரண்டு ஆங்கிலம் என்று ஒன்று உண்டு. நாமும் கலைப்பட்டம் பெற்றவர்களே. நான்கு பருவம் அந்தப் பாடத்தைப் படித்தோம். கட்டுரைகள், செய்யுள்கள், சிறுகதைகள், அவற்றுக்கு உரைநூல், உரைநூலுக்கு ஒரு சுருக்கம்; தேர்வுக்கு முந்திய இரவு சுருக்கத்தின் சுருக்கம். தேறினோம்! நான்கு பருவத்திலும் ஒரு முழு ஆங்கில வாக்கியத்தை வாய்திறந்து பேசும்படி எவரும் நம்மைக் கேட்டதில்லை. நீந்தாமலே நீச்சலில் பட்டம் பெற்ற கதை.

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவள் நம்முடைய வகுப்பில் பயின்றபோது, ஒரு நாள் ஆங்கிலப் பாடத்தை எழுந்து நின்று வாசித்தாள். ‘ஸ்கூல்’ என்பது ‘இஸ்கூல்’ என்று வந்தது. வகுப்பு சிரித்தது. அதட்டி அடக்கியிருக்க வேண்டியவர்கள் நாம். அடக்கவில்லை, நம் உதட்டோரத்திலும் ஒரு புன்னகை வந்து போயிற்று. அதை அவள் பார்த்துவிட்டாள். அந்த ஆண்டு முழுவதும் அவள் வகுப்பில் வாய் திறக்கவில்லை. எந்தப் பதிவேட்டிலும் ஏறாத குற்றம் அது. ஆனால் நாம் செய்த குற்றம்.

ஆகவே, இயந்திர ஆசானைப் பற்றிப் பேசும்போது முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிடுவோம். அது சிரிப்பதில்லை. இரவு பத்து மணிக்கு, மொட்டை மாடியில், பக்கத்து வீட்டார் உறங்கிய பிறகு, தாழ்ந்த குரலில் அவள் பேசுகிறாள்; நூறு முறை தடுமாறினாலும் நூற்றியோராம் முறையும் அது காத்திருக்கிறது. சலிப்பில்லை, சாதி கேட்பதில்லை, உடையைப் பார்ப்பதில்லை. கூச்சம் என்னும் விலங்கைக் கழற்றுவதில், நம்மில் பலர் தோற்ற இடத்தில் அது வென்றிருக்கிறது. இதை மறைத்துவிட்டு அதன்மேல் குறை பாடுவது நேர்மையாகாது.

இந்தக் கைப்பேசி ஆசான் வெறும் முன்னோட்டமே. பின்னால் வருவது பெரிது. அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து ட்ராய் நகரில், ரென்சலேர் பாலிடெக்னிக் என்னும் பல்கலைக்கழகமும் ஐ.பி.எம். நிறுவனமும் சேர்ந்து ஓர் அறையை அமைத்தன. சீன மொழி பயிலும் மாணவர்களுக்கு 2019இல் அதில் வகுப்பு நடந்தது. சுற்றிலும் வளைந்து நிற்கும் பெருந்திரை. உள்ளே நுழைந்தால் மாணவன் சீன உணவகத்தில் நிற்கிறான்! பரிமாறுபவர் திரையில் தோன்றுகிறார். என்ன வேண்டும் என்று சீனத்தில் கேட்கிறார். மாணவன் சீனத்திலேயே பதில் சொல்ல வேண்டும். சொன்னால் செயற்கை நுண்ணறிவு கேட்டு மறுமொழி கூறுகிறது. சீனத்தில் ஒரே ஒலி, குரல் ஏறினால் ஒரு பொருள், இறங்கினால் வேறு பொருள். ஆகவே மாணவனின் குரல் ஏறி இறங்கிய பாதையைக் கோடாக வரைந்து, சீனரின் குரற்கோட்டோடு வைத்துக் காட்டுகிறது அந்த அறை. கடைவீதிக்கும் போகலாம், பேரமும் பேசலாம். இனி அந்த அறையும் வேண்டாம். கண்ணை மூடி அணியும் மெய்நிகர்க் கருவி ஒன்று போதும் என்கிறார்கள். இன்றைக்கு அதன் விலை ஒரு தீப்பெட்டித் தொழிலாளியின் சில மாதக் கூலி. நாளை குறையும். தமிழக அரசின் 2025–26 வரவு செலவுத் திட்டம், கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்குவதாக அறிவித்தது. கருவி கரிசலுக்கு வரத்தான் போகிறது. வரட்டும்! இயந்திரம் வேண்டாம் என்னும் கூட்டத்தில் நாம் இல்லை.

ஆனால், வருகின்ற வகுப்பறையிலும் அதே குரல் கேட்கும்: “நீ எந்த ஊர்?” அப்போது அவள் என்ன சொல்வாள்?

இயந்திரத்தின் செவி எப்படி உண்டாகிறது என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறவிச் செவி இல்லை. பல்லாயிரம் மனிதர் பேசிய பேச்சும், அப்பேச்சின் எழுத்து வடிவமும் அதற்கு ஊட்டப்படுகின்றன. இந்த ஒலி வந்தால் பெரும்பாலும் இந்தச் சொல் என்று அது கணக்கிட்டுக் கற்றுக்கொள்கிறது. உச்சரிப்புக்கு மதிப்பெண் இடுவதும் இவ்வாறே. ஊட்டப்பட்ட குரல்களுக்கு உன் குரல் எவ்வளவு நெருக்கம் என்பதே மதிப்பெண். எனவே, யாருடைய பேச்சை ஊட்டினார்கள் என்பதே முதற்கேள்வி. 2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ நிறுவனம் ‘விஸ்பர்’ என்னும் பேச்சுணர் பொறியை வெளியிட்டது. அதற்கு ஊட்டிய பேச்சு 6,80,000 மணி நேரம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆங்கிலப் பேச்சு. மற்ற 96 மொழிகளைத் தத்தம் மொழியிலேயே எழுதக் கற்பிக்க ஊட்டியது 1,17,000 மணி நேரம். உலகத்தின் மிச்சம் முழுவதும் அதற்குள் முண்டியடிக்க வேண்டும்.

ஆங்கிலப் பேச்சு அவ்வளவு இருக்கிறதே, அது போதாதா என்பார்க்கு இன்னொரு செய்தி. 2020இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அமேசான், ஆப்பிள், கூகுள், ஐ.பி.எம்., மைக்ரோசாஃப்ட் ஆகிய ஐந்து நிறுவனங்களின் பேச்சுணர் பொறிகளைச் சோதித்தார்கள். வெள்ளை அமெரிக்கர் பேசினால் நூற்றுக்குப் பத்தொன்பது சொற்கள் பிழையாகக் கேட்கப்பட்டன. கறுப்பு அமெரிக்கர் பேசினால் முப்பத்தைந்து. இரு சாராருக்கும் தாய்மொழி ஆங்கிலமே! ஆங்கிலத்தைத் தாய்ப்பாலோடு பருகியவர்களின் ஆங்கிலமே அந்தச் செவிக்கு எட்டவில்லையென்றால், இளையரசனேந்தலின் ஆங்கிலம் எட்டவில்லை என்பதில் வியப்பென்ன?

இது பொறியியலின் குறை. நாளை தீரும் என்று ஒதுக்கிவிடலாம். குறை தீரக்கூடும். குறை இருக்கும்வரை பழி எவர்மேல் விழுகிறது என்பதே நாம் எழுப்பும் கேள்வி. இது பொறியியல் அன்று, அறம்.

இருவர் நடுவே ஒரு சொல் தவறி விழுகிறது. ஒருவர் சொன்னது மற்றவர்க்கு விளங்கவில்லை. குனிந்து எடுக்க வேண்டியவர் யார்? உலக வழக்கைப் பாருங்கள். அலுவலகச் சாளரத்தின் முன் நிற்கும் உழவன் சொன்னது எழுத்தருக்கு விளங்கவில்லை என்றால், “ஒழுங்காகச் சொல்” என்று உழவனுக்கே கட்டளை. எழுத்தர் சொன்னது உழவனுக்கு விளங்கவில்லை என்றாலோ, “சொன்னால் புரியாதா?” என்று அப்போதும் உழவனுக்கே ஏச்சு! சொல்லினாலும் அவன் குற்றம், கேட்டாலும் அவன் குற்றம். எப்போதும் எளியவனே குனிகிறான்.

கோவில்பட்டிக்கு அருகே காமநாயக்கன்பட்டி என்னும் ஊர் இருக்கிறது. இத்தாலியிலிருந்து 1710இல் கோவாவில் வந்திறங்கிப் பின்னர்த் தமிழகம் புகுந்த பெஸ்கி பாதிரியார், நாம் வீரமாமுனிவர் என்று போற்றுபவர், தம் தொடக்க காலத்தில் பணியாற்றிய ஊர்களுள் ஒன்று அது. நான்கு புறமும் தமிழே சூழ, உண்பதும் உறங்குவதும் தமிழிலேயாக வாழ்ந்தாரே, அதுவன்றோ சூழ்ந்து நின்ற வகுப்பறை! கருவியும் இல்லை, திரையும் இல்லை. கரிசலே வகுப்பு, ஊராரே ஆசான். பின்னாளில் அவர் சதுரகராதி செய்தார். ஏகார ஓகார நெடில்களுக்கு இன்று நாம் எழுதும் வடிவு அவர் திருத்தம். ஆனால் முதல் ஆண்டுகளில் அவர் நாவும் தடுமாறித்தான் இருக்கும். அவர் சொன்னது விளங்காதபோது ஊரார், “இவருக்குத் தமிழ் வராது” என்று மதிப்பெண் குறைத்து அனுப்பியிருப்பார்களா? செவியைக் கூர்மையாக்கிக்கொண்டு, “சாமி என்ன சொல்கிறது?” என்று தமக்குள் கேட்டு, விளங்கிக்கொள்ளும் பாட்டைத் தாமே ஏற்றிருப்பார்கள் என்றே எண்ணுகிறோம். இன்றும் வெள்ளைக்காரர் ஒருவர் கோவில்பட்டிச் சந்தையில் நின்று கொச்சையாக நாலு தமிழ்ச் சொல் சொன்னால் கைதட்டுகிறோம். கடலை மிட்டாய் கொடுத்து அனுப்புகிறோம்! நம் வீட்டுப் பெண் நாலு ஆங்கிலச் சொல்லைக் கொச்சையாகச் சொன்னால் சிரிக்கிறோம். வந்தவரின் தடுமாற்றம் பெருமை; இருப்பவளின் தடுமாற்றம் இழிவு. இந்த நீதியை இயந்திரம் புதிதாகப் படைக்கவில்லை. நம்மிடமிருந்தே கற்றிருக்கிறது.

கற்றதை அது செய்யும் விதத்தில்தான் ஆபத்து இருக்கிறது. நாம் சிரித்தபோது அவள் நம்மைக் குறை சொல்ல இடமிருந்தது; ‘இந்த ஆசிரியர் மோசம்’ என்று தோழியிடம் சொல்லியிருப்பாள், சொல்லியும் இருக்கிறாள். இயந்திரம் ‘நூற்றுக்கு நாற்பத்தொன்று’ என்கிறது. அதைக் குறை சொல்ல எவரும் துணிவதில்லை. பழங்கதைகளில் வானத்திலிருந்து அசரீரி கேட்கும். பேசுவது யார், ஏன் சொல்கிறது, எதை வைத்துச் சொல்கிறது என்று கதையில் எவனும் கேட்கமாட்டான். தலைவணங்கிக் கேட்டுக்கொள்வான். அசரீரிக்கு மேல்முறையீடு இல்லை! பகுத்தறிவு பேசும் நம் இளைஞர்களே இந்தப் புதிய அசரீரியின் முன் கைகட்டி நிற்பதைக் காண்கிறோம். ஆயுத பூசையன்று கணினிக்குச் சந்தனம் வைப்பவரைக் கேலி செய்யும் நாம், அதன் மதிப்பெண்ணை ஐயுறாமல் ஏற்றால், வைத்த பொட்டு நெற்றியில் இல்லை, மூளையில் இருக்கிறது என்றுதான் பொருள்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, வலிமையான வாதம். கல்லூரி ஆசிரியராக உள்ள நண்பர் ஒருவர் நம்மிடம் சொன்னார்: “இயந்திரம் இரக்கம் காட்டினால் அவளுக்கு என்ன இலாபம்? பெங்களூரில் நேர்காணல் செய்பவர் இரக்கம் காட்டுவாரா? அவர் எந்த ஆங்கிலத்தைக் கேட்கிறாரோ அதைக் கற்பிப்பதே கருணை.” இதை எளிதில் தள்ளிவிட முடியாது. நான்கு ஆண்டுக்குமுன் நாமும் இதையே சொல்லியிருப்போம். தமிழில் ககர, பகர எழுத்துகளுக்கு ஒலிப்பு வேறுபாட்டைக் காட்டத் தனி எழுத்து இல்லை. ஆகவே ஆங்கிலத்தில் பையைக் குறிக்கும் ‘பேக்’கும் முதுகைக் குறிக்கும் ‘பேக்’கும் நம் பிள்ளைகளின் வாயில் ஒன்றாகிவிடுகின்றன. பொருளே மாறிவிடுகிறது. இதைக் கண்டிப்பாகத் திருத்தத்தான் வேண்டும். எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தட்டும். ஆனால் ‘இஸ்கூல்’ என்றால் எவருக்குப் பொருள் விளங்காமற் போகிறது? உலகில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களைவிட இரண்டாம் மொழியாகப் பேசுபவர்களே மிகுதி. அவள் நாளை பேசப்போகும் மறுமுனையில் இருப்பவர் மணிலாக்காரராக இருக்கலாம், லாகோசுக்காரராக இருக்கலாம். பொருளைக் கெடுக்கும் பிழை வேறு, ஊரைக் காட்டும் ஒலி வேறு. இவ்விரண்டையும் ஒரே மதிப்பெண்ணில் போட்டுக் கலக்கும் ஆசான், மனிதராயினும் இயந்திரமாயினும், கற்பிக்கவில்லை, கலக்குகிறார். நேர்காணல் செய்பவர் சிரிப்பார் என்றால் அதையும் அவளிடம் மறைக்க வேண்டாம். “இப்படிச் சொன்னால் விளங்கும், ஆனால் சிலர் எள்ளி நகைப்பர்; அது அவர்கள் குறை; வேண்டுமென்றால் இப்படியும் சொல்லிப் பழகு” என்று உண்மையைச் சொல்லித் தேர்வை அவளிடம் விடட்டும்.

‘இளையரசனேந்தல்’ என்பதோ ஆங்கிலச் சொல்லே அன்று. அந்தச் சொல்லுக்குச் சரியான உச்சரிப்பு அவள் வாயில் இருப்பது மட்டுமே. அதைப் பொறுத்தவரை உலகத்திலேயே பெரிய பேராசிரியர் அவள்தான்! அந்தப் பேராசிரியரைத்தான் மூன்று முறை தேர்வில் வீழ்த்தியது இயந்திரம்.

ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய வழக்கன்று இது. தமிழ் கற்பிக்கும் மெய்நிகர் வகுப்பறைகளும் வரும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த ‘தமிழ்இணையம் 99’ மாநாட்டின் விளைவாக, 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தைத் தமிழக அரசு தொடங்கியது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம். கடல் கடந்து வாழும் தமிழர் பிள்ளைகளுக்கு இணையவழியே தமிழ் கற்பிக்க எழுந்த முன்னோடி முயற்சி. அத்தகைய கழகம் ஒன்று நாளை பேசும் வகுப்பறை கட்டினால், அந்த அறை எந்தத் தமிழைப் பேசும்? எந்தத் தமிழைக் கேட்கும்? தென்பாண்டிச் சீமையில் ‘வாழைப்பழம்’ பலர் வாயில் ‘வாளப்பளம்’. அதை அந்த அறை பிழையென்று சிவப்பில் கோடிடுமா? அப்படியானால் டர்பன் நகரத்து மாணவன் தமிழ் கற்றுத் தேறி, எட்டயபுரம் வந்து இறங்கி, பாட்டனின் உறவினரைக் கண்டு, “இவர்களுக்குத் தமிழ் தெரியவில்லையே!” என்று வருந்திப் போவான்.

இடைசெவல் கி. ராஜநாராயணன் என்னும் கரிசல் உழவரை இங்கே நினைக்கிறோம். பள்ளிப் படிப்பை முடிக்காதவர். கரிசல் மக்களின் வட்டார வழக்குச் சொற்களைத் திரட்டி அகராதி செய்தார். 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அதற்கு முன்பே புதுவைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துப் பேராசிரியராக அமர்த்தியது. கொச்சை என்று தள்ளிய நாவைப் பல்கலைக்கழகமே நாற்காலி போட்டு வரவேற்ற நிகழ்ச்சி. பல்கலைக்கழகத்தின் செவி திருந்தும் என்பதற்கு அது சான்று. எழுத்தே திருந்தியிருக்கிறதே! கற்பவருக்குச் சுமை குறைய வேண்டுமென்று பெரியார் வலியுறுத்திய எழுத்து மாற்றங்களுள் சிலவற்றைத் தமிழக அரசு 1978இல் ஆணையாக்கவில்லையா? மாணவனுக்காக எழுத்து வளைந்த நாட்டில், இயந்திரத்துக்காக மாணவி ஏன் வளைய வேண்டும்?

வளையச் செய்ய வழியும் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் ‘ஏஐ4பாரத்’ ஆய்வுக்குழு 2024இல் வெளியிட்ட பேச்சுத் தொகுப்பில் 145 மாவட்டங்களைச் சேர்ந்த 16,237 பேரின் குரல், 22 இந்திய மொழிகளில், 7,348 மணி நேரம் இருக்கிறது. படித்துக் காட்டிய பேச்சு அதில் சிறு பங்கே. பெரும்பங்கு மக்கள் தம் போக்கில் பேசிய பேச்சு. இந்திய மொழிகளுக்குச் செய்ததை, நம் கல்லூரிப் பிள்ளைகள் பேசும் ஆங்கிலத்துக்கும் செய்யலாம். குரல் கொடுப்பவரின் இசைவு பெற்று, கூலி கொடுத்துச் செய்ய வேண்டும். தீப்பெட்டி ஒட்டக் கூலி உண்டென்றால் இயந்திரத்துக்குச் செவி கொடுக்கக் கூலி இல்லையா? அவள் தடுமாறிய இரவுகளின் ஒலிப்பதிவு எவர் பெட்டியில், எத்தனை காலம் கிடக்கும் என்பதும் கேட்கப்பட வேண்டும். 2023இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றினார்கள். மாணவியின் தடுமாற்றம் அவளுடைய உடைமை என்பதை வகுப்பறை கட்டுவோர் சட்டத்துக்கு அஞ்சியாவது மதிக்கட்டும்.

இவையெல்லாம் பெரிய காரியங்கள். சிறிய காரியம் ஒன்று இன்றைக்கே செய்யக்கூடியது. விளங்காதபோது இயந்திரம், “நீ தவறாகச் சொன்னாய்” என்று சொல்லாமல், “எனக்கு விளங்கவில்லை, என் செவிக்கு உன் ஊர்ப் பேச்சு பழக்கமில்லை, எழுதிக் காட்டுகிறாயா?” என்று சொல்லட்டும். எழுதிக் காட்டியதும் அதைக் கற்றுக்கொள்ளட்டும். இரண்டே வாக்கிய மாற்றம். ஆனால் பழி நாவிலிருந்து செவிக்கு இடம் மாறுகிறது. அதோடு, அது இட்ட மதிப்பெண்ணை எதிர்த்து மாணவி முறையிட்டால், பதிவைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல ஒரு மனித ஆசிரியர் இருக்கட்டும். சிரிக்காத ஆசிரியராகப் பார்த்து அமர்த்துவது நல்லது!

சென்ற ஞாயிறன்று அவளையும் அவளுடைய கல்லூரித் தோழியர் நால்வரையும் பள்ளிக்கு வரச் சொல்லியிருந்தோம். கைப்பேசியை நடுவில் வைத்து, அவரவர் ஊர்ப் பெயரையும் சுற்றுவட்டாரத்து ஊர்ப் பெயர்களையும் ஆங்கில வாக்கியத்துக்குள் வைத்துச் சொல்லச் சொன்னோம். கழுகுமலை, கடம்பூர், நாலாட்டின்புதூர், பசுவந்தனை, விளாத்திகுளம். ஒரு ஊரை ஐவர் ஐந்து விதமாகச் சொன்னார்கள். எது சரி என்று சண்டையும் நடந்தது. யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. நாற்பத்திரண்டு ஊர்கள் சேர்ந்தன. மெய்நிகர் வகுப்பறை விற்க எவர் வந்தாலும், முதலில் இதைக் கேட்டு எழுதிக் காட்டுங்கள் என்று முன்னே வைப்பதற்காகச் சேர்த்தோம்.

புறப்படும்போது அவள் கேட்டாள்: “சார், எங்க பாட்டி ஊரை வேற மாதிரி சொல்லுவாங்க. அதையும் எடுக்கணுமா?”

எடுக்க வேண்டும் என்றோம். வருகிற ஞாயிறு இளையரசனேந்தல் போகிறோம்.